தெஸார்மே என்ற சொல்

ஒரு மனிதரைத் தம் குடும்பப் பெயரைச் சொல்லக் கூசும்படி செய்தேன். தெரியாமல் செய்தது பாதி. தெரிந்த பிறகும் நான்கு வருடம் வாய் திறக்காதது மீதி.

அவர் காரைக்கால்காரர், சைகோன் தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. நான் பிரெஞ்சு வாத்தியார். நம் வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிய நம்மவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய தாத்தா எடுத்தது, இருநூறு வருடங்களுக்கு முன் புதுச்சேரிக் கடலில் ஆங்கிலேயரோடு போரிட்ட ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் பெயர். அந்த அதிகாரியின் பணிக்குறிப்பைப் பாரீசுக்கு எழுதி வரவழைத்து, சைகோன் தமிழர் சங்கக் கூட்டத்தில் தமிழில் வாசிக்கும்படி என்னிடம் கொடுத்தார்.

வாசித்தேன். பதினான்கு வயதில் கப்பலேறினார், இரண்டு முறை காயம்பட்டார், கப்பித்தான் ஆனார். கடைசி வரி: 'பிரெஸ்ட் துறைமுகத்தில் தெஸார்மே'. "ஆயுதம் பறிக்கப்பட்டார்" என்றேன்.

"கத்தியப் புடுங்கிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புனானுங்களா, முசே?" என்று முன்வரிசையில் ஒருவர், பிரெஞ்சு மரியாதை குறையாமல், அவரைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் அவருக்குக் 'கத்தியில்லாக் கப்பித்தான்' என்றே பெயர். சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, சைகோனின் கான் ஹொய் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சு மாலுமி, ஆட்களை இறக்கிவிட்டுக் கட்டிப்போட்டிருந்த கப்பலைக் காட்டி, "தெஸார்மே" என்றார். அப்போதுதான் புரிந்தது: கப்பல்காரர்கள் பேச்சில் அது பயணம் முடிந்து ஆட்களைக் கலைத்துவிட்டதைக் குறிக்கும் சொல். அந்த அதிகாரி பயணத்தை முடித்துக் கப்பலை ஒப்படைத்திருக்கிறார், அவ்வளவுதான். வெளியே சொன்னால் வாத்தியாருக்கே பிரெஞ்சு தெரியவில்லை என்பார்கள். சொல்லவில்லை.

அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையில் குடும்பப் பெயர் போடப்போவதில்லை என்று கேள்விப்பட்ட பிறகுதான் சங்கத்தில் எழுந்து என் தவறைச் சொன்னேன். பழையவர்களில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போய்விட்டிருந்தார்கள். இருந்தவர்கள் தலையாட்டினார்கள். தேநீர் வந்தது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"தெரியும், முசே. அந்த வாரமே அகராதி பாத்துட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வாத்தியார் சொன்னது தப்புன்னு தபாலாபீஸ்காரன் சொன்னா யார் கேப்பா?"

குரலில் கோபம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பத்திரிகை தபாலில் வந்தது. அவர் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் முதலெழுத்து மட்டும் இருந்தது. கல்யாணத்துக்குப் போனேன், சாப்பிட்டேன், வந்துவிட்டேன்.