பரமேஸ் ஏன் பருத்தாள்?

பினாங்கு பாயான் பாருவில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் கிளினிக்கில் நர்ஸாக இருந்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். அங்கே எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. அந்த மாதிரி கிளினிக்குகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கையை வெட்டிக்கொண்டு வருவார்கள், கண்ணில் ரசாயனம் தெறித்து வருவார்கள். அதற்கெல்லாம் பயிற்சி உண்டு. என்னை நடுங்க வைத்தது, உடம்பு பருத்துவிட்டது என்று வந்த ஒருத்தி.

1. ஸிப் ஏறாத உடுப்பு

பரமேஸ்வரி சுங்கை பினாங் ஃபிளாட்டிலிருந்து பஸ்ஸில் வருபவள். நாற்பதைத் தாண்டியவள். டெஸ்டிங் லைனில், தூசி படாமல் உடம்பை முழுக்க மூடும் கிளீன்ரூம் உடுப்போடு, நாள் முழுக்க நின்றபடி வேலை. ஒருநாள் கிளினிக்குக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“மிஸ்ஸி, கிளீன்ரூம் உடுப்பு ஸிப் ஏறமாட்டேங்குது. மறுபடியும் பெரிய சைஸ் கேட்டா மாலினி சிரிக்கிறா. நாசி லெமாக் சோறு விட்டாச்சு, தே தாரிக் டீ விட்டாச்சு. உடம்பு மட்டும் ஏறிக்கிட்டே போவுதுலா. பசி வந்தா பேய் மாதிரி வருது.”

மாலினி அவளுடைய லைன் லீடர்.

எடை பார்த்தேன். பழைய அளவைவிட நிறைய ஏறியிருந்தது. ஆனால் ஏறிய விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. முகம் உருண்டு, கன்னம் சிவந்திருந்தது. வயிறு பெருத்திருந்தது. கை கால் மட்டும் மெலிந்து கிடந்தன. பிரஷர் பட்டை சுற்றிய இடம் உடனே கன்றிப்போனது.

“மருந்து ஏதாச்சும் சாப்பிடுறியா?”

“மருந்தா? பெனடால்கூட இல்ல மிஸ்ஸி.”

தைராய்டாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொன்னேன். “தைப்பூசம் முடியட்டும், போறேன்” என்றாள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். விரதம் தொடங்கப் போகிறாள்.

2. விரதம்

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, காலை ஷிஃப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மாலினி ஓடிவந்தாள்.

“மிஸ்ஸி, பரமேஸ் அக்கா விழுந்துட்டாங்க! எழுப்பினா எழும்ப மாட்டேங்குறாங்க!”

லைன் ஓரத்தில் கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். தோல் சில்லிட்டு ஈரமாக இருந்தது. பிரஷர் பார்த்தேன். மெஷின் காட்டிய எண்ணை நம்ப முடியாமல் திரும்பவும் பார்த்தேன். இன்னும் இறங்கியிருந்தது. சர்க்கரையும் குறைவு. காலை உயர்த்தி வைத்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விரதத்தில் மயங்கியவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. நாடி அவ்வளவு மெல்லியதாக ஓடியதில், நான் உணர்வது அவள் நாடியா என் நாடியா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். பரமேஸின் முகத்தையும் வயிற்றில் ஊதா நிறத்தில் ஓடிய கோடுகளையும் பார்த்தார். செய்தி கேட்டு, ஓட்டிக்கொண்டிருந்த லாரியோடு நேராக வந்து சேர்ந்த அவள் கணவர் ராஜாவிடம் திரும்பினார்.

“விரதத்துக்காக எதை எதை நிறுத்தினாங்க?”

“கறி, மீன், முட்டை… அவ்வளவுதான் டாக்டர்.”

“நல்லா யோசிங்க அண்ணே. வேற?”

“முட்டி வலிக்கு ஜாமுன்னு ஒரு மூலிகை மாத்திரை சாப்பிடுவா. ராத்திரிச் சந்தையில, பசார் மாலாம்ல வாங்குறது. அந்த கேப்சூல் கூடு சைவம் இல்லன்னு யாரோ சொன்னாங்க. அதையும் நிறுத்திட்டா.”

டாக்டர் உடனே ஊசி கேட்டார்.

பிறகுதான் எனக்கு விளக்கினார். மூலிகை என்று விற்கும் சில சரக்கில் ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். வலி மாயமாகப் போகும். பசி கூடும், உடம்பு ஊதும். மாதக்கணக்கில் விழுங்கினால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதைச் சுரக்காமல் நிறுத்திவிடும். அந்த நேரத்தில் மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் பிரஷர் சரிந்து ஆளே போய்விடலாம். அவர் போட்ட ஊசி அந்த ஸ்டீராய்டைத் திருப்பிக் கொடுக்கத்தான்.

அன்று மாலைதான் பரமேஸ் கண் திறந்து பேசினாள். “ஜாமு மருந்து இல்லியே மிஸ்ஸி” என்றாள். அவள் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்குள் ஜாமு வரவில்லை, அவ்வளவுதான்.

3. கேண்டீனில்

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டிங் லைன் பெண்களிடம் போய், வேறு யாராவது அந்த ஜாமுவைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். மாலினிதான் முதலில் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“பரமேஸ் அக்காவுக்குக் கடையக் காட்டிவிட்டதே நான்தான். எனக்கும் கால் வலிலா.”

அவள் அழத் தொடங்கியதும் இன்னொரு டப்பா வந்தது. பிறகு இன்னொன்று. ஒருத்தி எழுந்து, தன் டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போடப் போனாள்.

“போடாதே!” என்று கத்திவிட்டேன். கேண்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சாப்பிட்டாலும் ஆபத்து, சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. வீட்டுக்குப் போய் யார் எதை வீசியெறிவார்களோ என்ற பயத்தில், அன்றே கம்பெனி வேனில் எல்லோரையும் டப்பாவோடு அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் சரியான மருந்தைக் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். மாதங்கள் ஆயின. மாலினிக்கு மட்டும் சர்க்கரை நோய் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

பிள்ளைகளே, அளவாகச் சாப்பிட்டும் எடை ஏறுகிறது என்று ஒருவர் வந்தால் சிரிக்காதீர்கள். தைராய்டு, மாறி மாறி வரும் ஷிஃப்டால் கெட்ட தூக்கம், மனநோய்க்கோ சர்க்கரைக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரை, எதுவும் காரணமாக இருக்கலாம். சில நாளிலேயே எடை ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அது கொழுப்பு இல்லை, நீர். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மருந்து சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்காதீர்கள். ஜாமு, பொடி, டீ, தைலம், கிரீம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பரமேஸ் பிழைத்தாள். முட்டி வலி திரும்பி வந்தது. பிஸியோதெரபிக்குப் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். முகம் மெல்ல மெல்லப் பழையபடி ஆனது. ஒருநாள் கேண்டீன் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அவளுடைய பழைய போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“அக்கா, எப்படி இப்படி இளைச்சீங்க? எனக்கும் அந்த மருந்தச் சொல்லுங்கக்கா.”

பரமேஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், “மருந்து சாப்பிட்டு இளைக்கலம்மா, பருத்ததுதான் மருந்தால” என்றாள்.