நாகரத்னா அக்காவின் ஷேக் ஃபோல்டர்

நாகரத்னா அக்கா போய்விட்டார்…

காலையில் மச்சான்தான் போன் செய்து சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

ஓசூர் நண்பர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். நான் போட்டோகிராபராக இருந்த ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பாரே, தெருமுனை வரை கேட்கிற மாதிரி சிரிப்பாரே… அவர்தான்.

2000களில் கம்பெனிகளில் ஃபேமிலி டே வந்தால் எங்களுக்குத் தீபாவளி. நான் படம் எடுப்பேன். அக்கா மெமரி கார்டை வாங்கி, படங்களைப் பிரித்து ஃபோல்டரில் போடுவார். டிக் செய்த ஃபோல்டரில் இருப்பதெல்லாம் பெரிய டிவியில் ஓடும். பிடித்ததைச் சொன்னால் அங்கேயே பிரிண்ட்.

ஃபோல்டருக்கு டிபார்ட்மெண்ட் பேர் வைக்கச் சொன்னார் முதலாளி. அக்கா கேட்கவில்லை. கம்பெனி பஸ் ரூட் பேர்தான். சூளகிரி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி…

"பஸ்ஸு கெளம்பிட்டா போட்டோவ யாருகிட்ட சார் குடுக்கறது? டிபார்ட்மெண்டுகிட்டயா?"

முதலில் கிளம்பும் பஸ்ஸுக்கு முதல் பிரிண்ட். "சூளகிரி பஸ்ஸு, ரண்டி ரண்டி… பேகா பன்னி… சீக்கிரம் வாங்கப்பா!" தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே மூச்சில் வரும்.

'நியூ ஃபோல்டர்' என்று அப்படியே விட்டால் கோபம் வந்துவிடும். "புள்ளயப் பெத்துட்டு பேரு வெக்காம வுட்டமாதிரி இருக்குது."

எல்லா ரூட்டுக்கும் கடைசியில் ஒரு ஃபோல்டர்… ஷேக். ஆடிப்போன படங்களுக்கு. அதற்கு மட்டும் டிக் கிடையாது, டிவியில் வராது.

ஒரு ஃபேமிலி டே. எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த மஞ்சு, அந்தக் கம்பெனியில் இருந்த தன் அண்ணனோடு வந்திருந்தாள். எங்கள் விஷயம் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்த காலம்.

அக்கா என் கேமராவைப் பிடுங்கினார். "லைட்டு பாக்கணும். ஏம்மா, இங்க நில்லு. நீயும் நில்லுப்பா. இன்னும் பக்கத்துல…" கிளிக்.

சந்தோஷமெல்லாம் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகும் வரைதான். மஞ்சு வீட்டு ரூட்டான சூளகிரி ஃபோல்டர் டிவியில் ஓட ஆரம்பித்தது. எதிரில் மஞ்சுவின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு படம் விடாமல் பார்க்கிறார். எங்கள் படம் வந்தால் அடுத்த நாளிலிருந்து மஞ்சு வேலைக்கு வர முடியாது, வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

அண்ணனும் மஞ்சுவும்… அண்ணியும் குழந்தையும்… யாரோ ஒரு மாமா… அவ்வளவுதான். எங்கள் படம் வரவே இல்லை.

"லைட்டு பாக்க என் தங்கச்சிய நிக்க வெச்சீங்களாமே, அது எங்க, அக்கா?" என்றார் அண்ணன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஆடிப்போச்சுப்பா."

எல்லா பஸ்ஸும் போன பிறகு என் பாக்கெட்டில் ஒரு பிரிண்டைச் சொருகினார். கண்ணிமை முடியைக்கூட எண்ணலாம், அவ்வளவு ஷார்ப். சுற்றிலும் கம்பெனி ஃப்ரேம் வேறு… ஹேப்பி ஃபேமிலி டே!

அழுகை, சண்டை, பேச்சுவார்த்தை எல்லாம் முடிந்து ஒருவழியாக எங்கள் கல்யாணம் நடந்தது. அக்கா நேராக மேடையேறி, மஞ்சுவின் அண்ணன் கையில் அதே படத்தைக் கொடுத்தார்.

"அன்னைக்கு ஆடிப்போச்சுன்னு சொன்னேனே… சரியாயிடுச்சுப்பா. பாரு."

மச்சான் முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலையிலிருந்து அக்காவின் படம் தேடினேன். ஊருக்கெல்லாம் படம் போட்டுக் கொடுத்தவர், தன்னை எடுக்க விட்டதே இல்லை. பழைய ஹார்டு டிஸ்கில் ஒன்றே ஒன்று கிடைத்தது. எங்கள் கல்யாணத்தில், "ஐயோ, வேணாம்ப்பா" என்று கையை ஆட்டிச் சிரிக்கிறபோது எடுத்தது. அதை ஷேக் ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார்.

கீழே இருப்பது அதுதான். முகம் தெளிவாக இல்லை.

இது நிஜமாகவே ஆடிப்போச்சு அக்கா…

போயிட்டு வாங்க.