ஐஸ் பெட்டி நேற்று இருந்த இடம்

அம்மா விடிகாலையில் போய்விட்டாள். அக்கா குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிறாள். அவளுக்கு டிக்கெட் கிடைத்தது மறுநாளைக்குத்தான். அழுகைக்கு நடுவே போனில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் எடுத்துறாதீங்கடா. மொகத்த ஒருதடவ பாத்துக்கிறேன்."

தெருவில் எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். "ஒனக்கென்ன மாப்ள, ஐஸ் பெட்டி கடைலயே வேல பாக்குற. நீ நெனச்சா ஒரு வாரங்கூட வச்சிருக்கலாமே" என்றார் பக்கத்து வீட்டு மச்சான். எங்கள் தெருவுக்கு எந்தப் பெட்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மதுரையில் இழவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடையில் வேலை. குட்டியானை வண்டியில் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கி, உடலைத் தூக்கி உள்ளே வைத்து, கரண்ட் கொடுத்துவிட்டு வருவேன். வந்த பிறகும் மனசு அங்கேயேதான் கிடக்கும். வோல்டேஜ் இறங்கியிருக்குமோ, எவனாவது செல்போன் சார்ஜ் போடுகிறேன் என்று ஒயரைப் பிடுங்கியிருப்பானோ.

அதனால் பெட்டிகளுக்குக் கருவி மாட்டியபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நான்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. சிம் கார்டு கிடையாது. மாட்ட வந்த கம்பெனிக்காரர் விளக்கினார்: "இது நம்மள மாதிரி வளவளன்னு பேசாதுண்ணே. எங்க இருக்கேன், எம்புட்டுக் குளிரா இருக்கேன், அம்புட்டுத்தான். அதையும் ஆற அமரத்தான் சொல்லும். அதனாலதான் இத்துனூண்டு பேட்டரி வருசக்கணக்கா நிக்கிது, சிக்னல் மைல்கணக்கா போகுது." உயரமான கட்டடங்களின் மொட்டைமாடிகளில் நிற்கும் ஏரியல்கள் அதைப் பிடித்து எங்கள் போனுக்கு அனுப்பிவிடும்.

முதலாளிக்கு வேறு நிம்மதி. இழவு வீட்டுக்குப் போன் போட்டு "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டால், பெட்டியைக் கேட்கிறாயா பிணத்தைக் கேட்கிறாயா என்று சண்டைக்கு வருவார்கள். இனிக் கேட்கவே வேண்டாம். வாடகைக்கு எடுக்கிறவர்களும் தங்கள் போனிலேயே குளிரைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று லிங்க் அனுப்ப ஆரம்பித்தார்.

மேற்கே ஒரு ஊர். பெரிய வீடு. இறந்துபோன பெரியவரை நானும் டிரைவருமாகத் தூக்கி உள்ளே வைத்து மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தோம். அந்த வீட்டு மருமகன் லிங்கைத் திறந்து, மேப்பில் பெட்டி போய்வந்த தடத்தை விரலால் பெரிதாக்கினார்.

"ஏப்பா, இந்தப் பெட்டி நேத்து எங்க கெடந்துச்சு?"

"ஒரு வீட்லதாண்ணே. கழுவி, மருந்து போட்டுத் தொடச்சுத்தான் கொண்டாந்தோம்."

"வீடு எங்கன்னு கேக்குறேன். இது நம்மூருக் காலனியில்ல?"

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். "கழுவுனாப் போற சங்கதியாய்யா இது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரியவரை வெளியே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். பெட்டி எங்கே இருந்தது என்றுதான் கேட்டார்கள். தூக்கிய கை எந்தத் தெருக் கை என்று கேட்கவில்லை. கையில் கருவி இல்லை.

மறுநாளே கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார். இருப்பதிலேயே பழைய பெட்டி, மூச்சு வாங்கி ஓடுவது, காலனிகளுக்கு என்று ஒதுக்கப்பட்டது. மற்றவை அந்தப் பக்கம் நுழைந்தால் முதலாளியின் போனில் மணி அடிக்க வேண்டும். அதற்காக மேப்பில் ஒவ்வொரு காலனியைச் சுற்றியும் ஒரு கோடு. திருமங்கலம் தாண்டி எங்கள் தெருவைச் சுற்றி அவர் கோடு போட்டபோது நான் பக்கத்தில் டீயோடு நின்றேன்.

"யாவாரம்டா" என்றார் முதலாளி. "எனக்கென்ன பேதமா? பேதம் பாத்தா ஒன்ன வேலைக்கு வச்சிருப்பேனா?"

அந்தப் பழைய பெட்டிதான் அம்மாவுக்கு வந்தது. சித்திரை வெயில். காலையில் ஓரளவு குளிர்ந்தது. மதியத்துக்குள் போனில் எண் ஏற ஆரம்பித்தது. நான் அழவில்லை, அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே திரையில் மற்ற மூன்று பெட்டிகளும் கடை ஷெட்டில் சும்மா நிற்பது தெரிந்தது. வேறு இரண்டு கடைகளுக்குப் போன் போட்டேன். ஒருவரிடம் பெட்டி இல்லை. இன்னொருவர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். மச்சானின் பைக்கை வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கே போனேன்.

"அண்ணே, அதுல குளிர் நிக்கல. அக்கா நாளைக்குச் சாயங்காலந்தான் வருது. வேற ஒண்ணு குடுங்கண்ணே."

"என்னடா தெரியாதவன் மாதிரிப் பேசுற? அப்புறம் அத எவன் வாங்குவான்? மேப்புல நிக்கும்ல?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "கருவியக் கழட்டி இங்கனயே வச்சிருவோம்ணே. பெட்டி ஷெட்டுலதான் இருக்குன்னு காட்டும். மணியும் அடிக்காது. யாருக்குத் தெரியப்போகுது?"

முதலாளி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்லடா" என்றார்.

கோடு போட்ட நாளிலிருந்து நான் அந்தக் கருவியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஐஸ் கட்டி எம்புட்டு வேணும்னாலும் வாங்கிக்க, காச நான் குடுத்துர்றேன்" என்றும் சொன்னார். அதில் குறை சொல்ல முடியாது. வாங்கிப் போய் அம்மாவைச் சுற்றி அடுக்கினோம். சாக்கு நனைந்து வாசல்வரை தண்ணீர் ஓடியது. மறுநாள் காலையில் பெரியவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுக்கு மேல வச்சா ஆத்தாளுக்குத்தான்யா அவமானம்" என்றார்கள். அக்கா சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாள். வீடியோ காலில் காட்டினோம். "இன்னுங் கொஞ்சம் கிட்டக் காட்டுங்கடா" என்றாள். கிட்டக் காட்டுகிற நிலையில் முகம் இல்லை. சிக்னல் சரியில்லை என்று மச்சான் போனைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அக்கா வந்தபோது அம்மாவை எடுத்து, வீட்டையும் கழுவிவிட்டிருந்தோம். பெட்டி இருந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"நல்ல பெட்டி ஒண்ணுகூடவா இல்ல ஒங்க கடைல?"

"மூணு இருந்துச்சுக்கா."

என்னையே பார்த்தாள். அவளும் இந்தத் தெருவில் பிறந்தவள்தானே. தலையை முடிந்துகொண்டு குளிக்கப் போனாள்.