நின்றுபோன முகூர்த்தம்

நான் வேலை பார்க்கும் காரைக்குடி வீட்டில் ஆச்சி மட்டும்தான் இருக்கிறார். அன்று சிங்கப்பூரில் அவருடைய பேரனுக்குக் கல்யாணம். முழங்கால் வலியால் போக முடியாத ஆச்சி, பெரிய டிவியோடு இணைத்த கம்ப்யூட்டரில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே விக்கி விக்கி ஓடிய படம், திருப்பூட்டுக்குப் பேரன் தாலியைக் கையில் எடுத்ததும் நின்றே போனது. வட்டம் மட்டும் சுழன்றது.

"ஏப்பா, நான் பாக்கவே மாட்டேனா?" என்றார் ஆச்சி. நெட் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டேன்.

வெகுநேரம் கழித்து வந்தவர் ஒல்லியான, மீசை நரைத்த மனிதர். எந்த வயரையும் ஊதிவிட்டுத்தான் தொடுவார்.

"நெட் பெட்டி எங்க ஆச்சி?"

"வெலை கூடுன சாமானுல்ல! உள் அறையில வச்சுப் பூட்டியிருக்கேன்."

"இம்புட்டுத் தண்டிச் சுவரு, தேக்குக் கதவு. திருடனே வரமாட்டான், நெட்டு எப்புடி வரும்?"

அறையைத் திறந்து, நீள வயர் இழுத்து கம்ப்யூட்டரில் சொருகினார். நேரலை என்றாலும், நின்ற இடத்திலிருந்தே படம் ஓடியது; பேரன் தாலி கட்டினான். ஆச்சி சிரமப்பட்டு எழுந்து, டிவியின் மேல் அட்சதை தூவினார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். முகூர்த்தம் எப்போதோ முடிந்திருந்தது.

"அங்குட்டு எல்லாம் முடிஞ்சிருக்குமே?" என்று பழுது பார்ப்பவரின் காதோரம் மெல்லக் கேட்டேன்.

"ஆச்சியோட போனை அமத்தி வைங்கண்ணே. யாராச்சும் கூப்பிட்டுச் சொல்லிப்புடுவாக. இங்குட்டு இப்பத்தான் நடக்குது."

போனை அணைத்தேன். அவர் சொன்னது பொய்யா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.