நூறாவது பட்டதாரி

அந்தத் தனியார் கல்லூரியில் அவளை எல்லோரும் 'வேலை அக்கா' என்பார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் உத்தியோகம். அவள் எண் தெரிந்தாலே பாதிப் பேர் போனை எடுப்பதில்லை.

மறுநாள் அங்கீகாரம் பார்க்க அதிகாரி வருகிறார். நூறு பேராவது வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்லூரிக்குப் பூட்டு. பதிவேடு தொண்ணூற்றொன்பதில் முக்கிக்கொண்டிருந்தது. ஊழியரின் பிள்ளை என்பதால் அவள் மகளுக்கு இங்கே கட்டணமில்லை. படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அடுத்த கல்லூரிக்கு மூன்று பஸ் மாற வேண்டும்.

"தம்பி, வேலை கிடைச்சிருச்சா?"

"நீங்க கேக்காம இருந்தா நானாவது மறந்திருப்பேன்க்கா."

இருபதாவது போனில் ஒருவன், "கவர்மென்ட் கார் ஓட்டுறேன்க்கா" என்றான். வரலாற்றில் முதுகலை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள்: 'அரசுப் பணி, போக்குவரத்து.'

மறுநாள் முதல்வர் மூச்சு விடாமல் அடுக்கினார்: "வெளியூர் அனுப்ப மாட்டோம்னு சொன்ன வீட்டுப் பொண்ணுங்க இங்க படிக்குது சார். அரசாங்கத்துக்குக் கட்டடச் செலவு மிச்சம். மாநிலத்துக்குப் பட்டதாரிங்க லாபம்."

அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, பட்டியலின் கடைசி எண்ணை மேஜைத் தொலைபேசியில் அழுத்தினார். ஜன்னலுக்கு வெளியே, காலையில் அவர் ஏறி வந்த அலுவலகக் காருக்குள் போன் மணி அடித்தது.

பதிவேட்டோடு ஓரமாக நின்ற அக்கா ஜன்னலை எட்டிப் பார்த்தாள். டிரைவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீ இங்கயா படிச்சே?"

"ஆமா சார். வீட்டுப் பக்கத்துல இது இல்லன்னா காலேஜ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டேன்."

"படிச்சு மாநிலத்துக்கு என்னய்யா பிரயோசனம்?"

"உங்கள ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து சேத்தேனே சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு ஒரு வருஷ நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷமும் நூறு புது ஆள் காட்டணும்மா."

மகளின் படிப்பு பிழைத்தது. அன்று மாலையே அக்கா புதுப் பதிவேட்டைப் பிரித்தாள். அடுத்த வருஷம் முடிப்பவர்களில் முதலாவதாக மகளின் பெயரை எழுதினாள். 'வேலை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நகரவில்லை.

தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த மகள் மெல்லக் கேட்டாள்:

"அம்மா, எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே?"