மாப்பிள்ளை அழைப்பில் கொதித்த கார்

என் கார் என்னைவிட மூத்தது. 'விண்டேஜ்' என்ற அந்த ஒரே தகுதியில்தான், பழைய வண்டிகளுக்குத் தடை போட்ட டில்லிச் சாலையில் இன்னும் உயிரோடு இருக்க அதற்கு அனுமதி கிடைத்திருக்கிறது. எனக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

போன மே மாதம் அக்கா மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசிவைத்திருந்தாள் அக்கா. பையனோ, "மாமாவோட காடிதான் வேணும், பஸ்" என்று சொல்லிவிட்டான். டில்லியில் பிறந்த பிள்ளை. அவனுக்கு எல்லா வண்டியும் காடிதான்; 'அவ்வளவுதான்' என்பது பஸ்.

வாடகைக் காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். இத்தனை வருடம் டில்லியில் இருந்தும் அவளுடைய திருநெல்வேலித் தமிழில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"ஏலேய், பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி வண்டி நின்னுச்சுன்னு வையி, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மண்டபத்துக்குள்ள போவேன்?"

"நிக்காதுக்கா. நம்ம வண்டிக்கா அது."

"அதாம்ல பயமா இருக்கு."

அழைப்பன்று காலை லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் பானட்டைத் திறந்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சும்மா ஓட வேண்டும் என்பதைக் கார்புரேட்டரில் ஒரு திருகு முடிவு செய்யும். ஐட்லிங் என்பார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் அந்தத் திருகைத் தொட வேண்டும். எனக்கு அது தெரியும். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

"ராகு காலம் வரப்போவுது. அதுக்குள்ள கைய வச்சு முடிச்சிரு" என்றாள் அக்கா.

முடித்தேன். குளிர்ந்த இன்ஜின், சிம்மில் வைத்த குக்கர்போல் அடக்கமாக முனகியது. ராகு காலத்தை ஜெயித்த பெருமையில் இன்னொரு காபி குடித்தேன்.

சாயங்காலம் ஆர்.கே.புரம் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பின்னால் நான், என் பின்னால் கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. வெயில் இறங்கியும் தார் ரோடு தோசைக்கல்லாகத்தான் இருந்தது. இன்ஜின் சூடேற ஏற ஐட்லிங் தானாக ஏறியது. காலையில் அடக்கமாக இருந்த அதே திருகு! நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. கார் தவில்காரர் முதுகை முட்டப் போனது. அவர் நடையைக் கூட்டினார். தாளமும் கூடியது. பின்னால் வந்த பட்டுப்புடவைகள் ஓடத் தொடங்கின.

"அண்ணே, நாங்க வாசிக்கணுமா, ஓடணுமா?" என்றார் தவில்காரர்.

இறங்கித் திருகைக் குறைத்தேன். பதற்றத்தில் கொஞ்சம் தாராளமாகவே குறைத்துவிட்டேன். நடை வேகத்தில் இன்ஜினுக்குக் காற்று ஏது? கார்புரேட்டருக்குப் போகிற பெட்ரோல் வழியிலேயே கொதித்து ஆவியானது. கார் இரண்டு முறை விக்கியது. நின்றது.

ஆக்ஸிலரேட்டரைப் படபடவென்று மிதித்தேன். அது இன்னும் கெடுதல் என்பதும் எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை.

"மாமா, க்யா ஹுவா?"

"ஒண்ணுமில்ல. போட்டோவுக்கு நிறுத்தியிருக்கேன். சிரி."

அவன் சிரித்தான். பத்து செல்போன்கள் உயர்ந்தன. நான் பானட்டைத் திறந்தேன். பெண்ணின் அப்பா, கோயம்புத்தூர்க்காரர், கையில் பன்னீர்ச்செம்போடு பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, தள்ளி விடச் சொல்லட்டுங்களா?"

அந்த மரியாதையான குரல்தான் என்னைப் பொய் சொல்ல வைத்தது. "ஐயோ, வேண்டாங்க. எங்க பக்கத்து வழக்கம். மாப்பிள்ளை ஏறின வண்டிக்குத் தாய்மாமன் நடுவழியில மரியாதை செய்யணும்."

தோளில் கிடந்த புது ஜரிகை அங்கவஸ்திரத்தைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்து, இன்ஜினை ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பின்மேல் போர்த்தினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பெண் வீட்டார் கும்பிட்டார்கள். பெண்ணின் அப்பா பயபக்தியோடு பம்புக்கு மூன்று முறை பன்னீர் தெளித்தார். மனுஷன் இன்னும் நாலு முறை தெளித்திருக்கலாம்.

அக்கா என் காதருகே வந்தாள். "நம்ம பக்கம் எப்பம்ல வந்துச்சு இந்த வழக்கம்?"

"இன்னிக்குத்தான்க்கா."

திருகை மறுபடி கூட்டினேன். இனி நிற்கவே கூடாது என்று நன்றாகவே கூட்டினேன். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி சாவியைத் திருப்ப, கறும்புகை கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மீதி வழி முழுக்க ஒரு கால் கிளச்சில், ஒரு கால் பிரேக்கில், மனசு முருகனிடத்தில்.

மண்டபம் வந்தது. ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை கம்பீரமாக இறங்கி உள்ளே போனான். சாவியைத் திருப்பி, உருவி, கீழே இறங்கினேன்.

கார் ஓடிக்கொண்டிருந்தது.

ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் சித்தி என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, சாவி உங்க கையிலதானுங்களே இருக்குது?"

கூட்டிவைத்த ஐட்லிங், உள்ளே தணல். தீப்பொறியே இல்லாமல் பெட்ரோல் தானாகப் பற்றுகிறது. இதை அந்த அம்மாளுக்கு எந்த வழக்கம் என்று சொல்வது? இன்ஜினைத் திணறடித்து நிறுத்துவதுதான் ஒரே வழி. ஏறி உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி, கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன். கார் ஒரு துள்ளு துள்ளி, வாசல் வாழைமரத்தில் ஒன்றைச் சாய்த்துக்கொண்டு ஓய்ந்தது. வாழைத்தார் பானட்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

நான் ஸ்டியரிங்கை விடவில்லை. அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்தாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பையன் உள்ள போயாச்சு. இனி அது நின்னா என்ன, கெடந்தா என்ன?" என்றாள். "இறங்கி வால, கேசரி ஆறிப்போவும்."