ஆந்தை வீட்டுக் கூரை

கிரேக்க நாட்டு எபிரஸ் மலையிலிருந்து வசந்தம் பிறந்ததும் கழுதைகளோடு வேலை தேடி இறங்கும் கொத்தனார் கூட்டங்களில், ஸீசிஸ் மேஸ்திரியின் கூட்டத்துக்கு வாய் அதிகம். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால், கொத்தனார்களுக்கு மட்டுமே புரியும் ரகசியத் தொழில் பேச்சுதான் ஓடும். வெளியாள் காதுக்கு அது வெறும் உளறல். நம் பேச்சில் கொண்டுவந்தால், வீட்டுக்காரர் 'ஆந்தை', வீடு 'கூடு'. 'கல் தூங்கட்டும்' என்றால் கையை நிறுத்து என்று பொருள். மகன்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், பெண்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த வருஷம் வோலோஸ் நகரத்துக்கு மேலேயுள்ள ஒரு மலைக் கிராமத்தில், மலாமோ என்ற விதவைக்கு வீடு கட்டினார்கள். அவள் பயறு சூப்பில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவாள். முதல் கிண்ணம் மேஸ்திரிக்குத்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாத ஸீசிஸ், யாரும் கேட்காமலே மூலைக்கல்லில் ஒரு பறவை செதுக்கினார். கூரை ஏறும் நாளில் அவளிடம் கேட்டுவிடுவது என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டார்.

கூட்டத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அவள் பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, கூட்டத்தில் ஒருவனான கோஸ்மாஸ் தொழில் பேச்சில் ஆரம்பித்தான்.

"என்ன மேஸ்திரி, இந்தக் கூட்டுலயே தங்கிடுவீங்க போலிருக்கே?"

ஸீசிஸ் சும்மா இருந்திருக்கலாம். ஆட்கள் முன்னால் கௌரவம் போய்விடுமே என்ற பயம்.

"கூடு நல்ல கூடுடா. ஆந்தையைத்தான் எப்படியாவது சகிச்சுக்கணும்."

எல்லோரும் ரொட்டியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். மலாமோ அவர் கிண்ணத்தை அன்றும் நிறைத்துத்தான் வைத்தாள்.

கூரை முடிந்தது. வழக்கப்படி முகட்டில் சிலுவை நட்டு, ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த கைக்குட்டைகளை அதில் கட்டினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி மேலிருந்து வாழ்த்துக் கூவினார் ஸீசிஸ். மலாமோ கொடுத்தது கையால் நெய்த சட்டை.

இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, ஒரு விஷயம் பேசணும் என்றார்.

"கல் தூங்கட்டும் மேஸ்திரி" என்றாள் அவள், அச்சு அசல் தொழில் பேச்சில். "எங்கப்பாவும் உங்க மலைக் கொத்தனார்தான். சாரத்துலேர்ந்து விழுந்து சாகறதுக்கு முன்னாடி, ஆண்பிள்ளை இல்லாததால எனக்குத்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். கூட்டை நல்லாக் கட்டியிருக்கீங்க. ஆந்தை தனியாவே இருந்துக்கும்."

ஸீசிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டார். வேறென்ன செய்ய?

அடுத்த வசந்தத்திலிருந்து அவர் கூட்டம் அந்த மலையில் ஏறாமல் சுற்றிக்கொண்டுதான் போயிற்று. மலாமோவின் வீட்டு வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. ஏன் என்று கோஸ்மாஸ் கேட்டால், கழுதைகளுக்கு அந்த ஏற்றம் ஆகாது என்பார்.